இரண்டாம் எண் அறையின் ஆறு படிகள்

மொராவா ஆற்றங்கரையில் உள்ள அந்தச் செர்பிய ஊரில், செர்ரி பழுக்கும் காலத்தில் மரத்துக்கு மரம் மனித எலும்புகள் தொங்கும். பழைய எக்ஸ்ரே படங்கள்தாம். மைனாக்களை விரட்டக் கட்டியவை. ஒரு வருஷம் மேயரின் விலா எலும்புகளைப் பார்த்த மைனாக் கூட்டம் ஆற்றைத் தாண்டிப் போய் மூன்று கோடைக்குத் திரும்பவில்லை என்பார்கள். மேயரைத் தெரிந்தவர்கள் இதை நம்பத் தயங்குவதில்லை. அப்படித் தொங்கிய எலும்புகளில் பத்துக்கு எட்டு, ஊர் மருத்துவமனையின் இரண்டாம் எண் அறையில் மிலோய்க்கா எடுத்தவை.

மிலோய்க்காவின் அப்பா பிளம் பழம் உலர்த்தும் சூளை வைத்திருந்தார். சூளைக்குள் கையை நீட்டி, இன்னும் ஒரு விறகு வேண்டுமா போதுமா என்று ஏழு வயதிலேயே சொல்லிவிடுவாள். அந்தக் கணக்குதான் பின்னாளில் எக்ஸ்ரே அறையிலும் கைகொடுத்தது. பெல்கிரேடில் படித்துவிட்டு இருபத்திரண்டு வயதில் வேலையில் சேர்ந்தாள். கதவைத் திறந்துகொண்டு வரும் ஆளை ஒரு பார்வை பார்ப்பாள். நெஞ்சு இத்தனை சென்டிமீட்டர் கனம் என்பாள். அளந்து பார்த்தால் அது சரியாக இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் பன்னிரண்டு பேருக்கு இப்படிச் சொன்னாளாம். தையற்காரர் அளந்து பார்க்கப் பதினொரு பேருக்குச் சரி. மணப்பெண்ணுக்கு மட்டும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகச் சொல்லியிருந்தாள். அந்த இரண்டு சென்டிமீட்டருக்கான காரணம் ஏழாம் மாதம் தொட்டிலில் கிடந்தது.

அவளுடைய கணவன் லாரி ஓட்டியவன். ஒரு பனிக்காலத்தில் மலைப்பாதையில் போனவன் திரும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. இரண்டாம் எண் அறையும் அதன் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளும்தான் அவளுக்கு மிச்சம். அந்தத் தாளில் நெஞ்சு, இடுப்பு, முதுகெலும்பு, மண்டை என்று வரிசையாக எழுதி, எதற்கு எவ்வளவு கதிர் என்று பென்சிலால் குறித்திருந்தாள். அவள் விடுப்பில் போனால், அடுத்த அறையில் வேலை செய்த ராய்க்கோ அந்தத் தாளைப் பார்த்துத்தான் படம் எடுப்பான்.

ஃபிலிம் இருந்த காலத்தில் தவறு செய்தால் படமே திட்டிவிடும். கதிர் குறைந்தால் வெளுத்துப் போகும். கூடினால் தார் பூசிய மாதிரி கறுத்துப் போகும். மிலோய்க்கா அந்தத் திட்டுக்குப் பயந்தே தொழில் கற்றவள். பிறகு ஃபிலிமுக்குப் பதில் டிஜிட்டல் தகடுகள் வந்தன. படம் திரையில் தெரிந்தது. மரத்தில் கட்ட ஊராருக்குப் புதுப் படங்கள் கிடைக்கவில்லை. மைனாக்கள் திரும்பி வந்தன.

புதுப் படங்களில் கதிர் குறைந்தால் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். பிரிவின் தலைமை மருத்துவர் க்வோஸ்தெனுக்கு அந்த மணல் பிடிக்கவே பிடிக்காது. நாற்பது வருஷமாகப் படம் வாசித்தவர்; கடுகளவு கட்டியைக்கூட விடமாட்டார். ஆனால் மணலைப் பார்த்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்.

"மிலோய்க்கா, இது முதுகெலும்பா, ஆத்து மணலா? மீனு புடிக்கவா கூப்பிட்ட என்னை?" என்பார்.

அவள் கதிரின் அளவைக் கூட்டும் திருகை ஒரு படி ஏற்றுவாள். பழைய எண்ணை ரப்பரால் அழித்துத் தாளில் புது எண்ணை எழுதுவாள். அடுத்த நாள் படம் பளிங்காக வரும். டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதுதான் பாராட்டு. கொஞ்ச மாதம் கழித்து ஒரு குண்டான ஆள், ஒரு மங்கலான படம், மறுபடி ஒரு படி. கதிர் எவ்வளவு கூடினாலும் புதுத் தகடு கறுக்காது; கணினி எல்லாவற்றையும் சமன்படுத்தி இன்னும் அழகாகக் காட்டும். பதினோரு வருஷத்தில் முதுகெலும்பு என்ற வரியில் தாள் அழித்து அழித்து வெங்காயச் சருகு போல மெலிந்துவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம், படம் என்றால் மிலோய்க்காவிடம்தான் என்று பஸ் ஏறி வந்தார்கள்.

அப்படி வந்தவள்தான் தூன்யா. பத்து வயதில் இவளுடைய ஒரு தோள் தாழ்ந்திருப்பதைப் பள்ளி விளையாட்டு ஆசிரியை கவனித்து அனுப்பினார். முதுகெலும்பு வளைந்திருந்தது. வளைவு கூடுகிறதா என்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை முழு முதுகையும் படம் எடுக்க வேண்டும். முதுகை நிமிர்த்தக் கட்டியிருந்த கவசத்தைக் கழற்றிவிட்டு, கதிர் வரும் குழாயைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்தி நிற்பாள். ஈயக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மிலோய்க்கா கன்னத்தை உப்பிக் கண்ணை உருட்டுவாள். சிரிப்பை அடக்கத் தூன்யா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அந்த நொடியில் பொத்தானை அழுத்துவாள் மிலோய்க்கா. வேறு யாராலும் அந்தப் பிள்ளையை அப்படி அசையாமல் நிறுத்த முடிந்ததில்லை.

தாய் ஸ்தமென்கா ரொட்டிக்கடையில் வேலை செய்தாள். ஒவ்வொரு முறையும் வீட்டில் காய்ச்சிய பிளம் ஜாம் ஒரு போத்தல் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவாள். ஐந்தரை வருஷம்; பதினேழு போத்தல்.

அந்தச் செப்டம்பரில் தலைநகரிலிருந்து விதோசாவா வந்தாள். நாடு முழுவதும் மருத்துவமனைகளில் நோயாளிகள் வாங்கும் கதிரை அளக்கும் குழுவின் இயற்பியலாளர். நாற்பது வயது, சத்தமில்லாத பேச்சு, பெரிய பை. பைக்குள் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் உறைகள். ஒவ்வொன்றிலும் குருணை அரிசி மாதிரி வெள்ளையாக மூன்று வில்லைகள். நோயாளியின் தோலில் கதிர் விழும் இடத்தில் ஒட்ட வேண்டும். படம் எடுத்ததும் பிய்த்து அனுப்ப வேண்டும். பெல்கிரேடில் அந்தக் குருணையைச் சூடாக்குவார்கள். எவ்வளவு கதிரை வாங்கியதோ அந்த அளவுக்கு அது ஒளி விடும். அந்த ஒளியை அளப்பார்கள்.

ராய்க்கோ அவள் போனதும் வந்து கதவில் சாய்ந்துகொண்டான்.

"அக்கா, அளக்கிற ஒரு வாரம் ரெண்டு படி இறக்கி வையேன். விருந்தாளி வந்தா வீட்டைப் பெருக்கறதில்லையா?"

"என் வீடு எப்பவும் பெருக்கித்தான் இருக்கு. நீ உன் அறையப் பாரு" என்றாள் மிலோய்க்கா.

நேர்மையால் அப்படிச் சொல்லவில்லை. பெருமையால் சொன்னாள். நாட்டிலேயே நல்ல படம் தன்னுடையது என்று நம்பினாள். பத்துப் பேருக்கு உறை ஒட்டி, உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினாள். அந்தப் பத்தில் தூன்யாவும் ஒருத்தி. அது பதினேழாவது படம்.

ஐந்து வாரம் கழித்து, அக்டோபரில் பட்டியல் வந்தது. முதுகெலும்புப் படம், நாற்பத்திரண்டு மருத்துவமனைகள். முதல் வரியில் இவர்களுடையது. மருத்துவமனை இயக்குநர் முதல் வரிக்குக் கீழே எதையும் வாசிக்கும் பழக்கம் இல்லாதவர். பாலாடைக்கட்டி வைத்த பூரெக் இரண்டு தட்டு வரவழைத்தார். எல்லோரும் காப்பியும் பூரெக்குமாக மிலோய்க்காவுக்குக் கைகொடுத்தார்கள். அவளும் கூச்சத்தோடு கொடுத்தாள். தட்டு பாதி காலியானபோது பட்டியலின் தலைப்பைக் க்வோஸ்தென் வாசித்தார். அதிகம் கதிர் கொடுப்பவர் முதலில் என்ற வரிசை அது. அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்காமல் கலைந்தார்கள்.

மறுநாள் விதோசாவாவே வந்தாள். குற்றம் சொல்லும் முகம் இல்லை. நேராகச் சுவரிலிருந்த தாளிடம் போய், மெலிந்துபோன அந்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள்.

"இத எத்தன தடவ அழிச்சீங்க, சிஸ்டர்?"

"ஆறு."

"ஒவ்வொரு தடவையும் ஒரு படியா?"

"ஒரு படிதான். அதுக்கு மேல நான் என்னைக்கும் ஏத்தினதில்ல."

விதோசாவா தாளிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். ஒரு படி ஏறினால் கால் பங்கு கூடும். மூன்று படி ஏறினால் இரண்டு மடங்கு. ஆறு படி ஏறினால் நான்கு மடங்கு. மிலோய்க்காவுக்குத் தெரியாத கணக்கு இல்லை. ஒரே மூச்சில் ஏறியிருந்தால் அவளே அலறியிருப்பாள். பதினோரு வருஷமாக ஒவ்வொரு படியாக ஏறியதால் ஏறியதே தெரியவில்லை.

"படம் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே" என்றாள்.

"ஃபிலிம்னா சொல்லியிருக்கும். இது சொல்லாது. எவ்வளவு ஊத்தினாலும் அழகாத்தான் காட்டும். நீங்க மட்டுமில்ல சிஸ்டர், பாதி நாட்டுல இதே கதைதான். நீங்க உள்ளத எழுதினீங்க, அதனால மேல வந்துட்டீங்க."

மிலோய்க்கா உட்கார்ந்தாள். பேர் சொல்லிக் கேட்டது ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான். தூன்யாவுக்கு என்ன ஆகும்?

விதோசாவா பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு நோய் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வராது என்பதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் வளரும் வயது, முன்பக்கமாக நின்று நெஞ்சில் வாங்கியது, பதினேழு முறை. நான்கு பங்கில் ஒரு பங்கு போதுமாக இருந்தது. மீதி மூன்று பங்கு யாருக்கும் எதற்கும் பயன்படவில்லை. இனிமேல் முதுகைக் குழாய்ப் பக்கம் காட்டி நிற்க வைத்தாலே நெஞ்சில் விழுவது பல மடங்கு குறையும். போகுமுன் குழாயின் வாயில் கண்ணாடிச் சில்லு போன்ற ஒரு மீட்டரைப் பொருத்தினாள். ஒவ்வொரு படத்துக்கும் கொடுத்த கதிரை அது ஓர் எண்ணாகக் காட்டும்.

தூன்யாவின் அடுத்த படம் ஜனவரியில்தான். ஆனால் கவசம் இறுக்குகிறது என்று ஸ்தமென்கா முன்கூட்டியே நாள் கேட்டிருந்தாள். நவம்பரில், புனித திமித்ரி திருநாளுக்கு மறுநாள். இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் அந்தத் திருகு இறங்க வேண்டும். தாயிடம் சொல்ல வேண்டும். இந்த இரண்டைத் தவிர மிலோய்க்காவுக்கு வேறு நினைப்பு இல்லை. ஜாம் போத்தல்கள் இருந்த அலமாரியைத் திறக்கவே பயந்தாள்.

க்வோஸ்தென் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம்.

"அந்த மணலுக்குள்ள நான் ஒரு கட்டியத் தவறவிட்டா யாரு பதில் சொல்றது? நீயா, அந்த பெல்கிரேட்காரியா? மறுபடி அளக்க வர்ற வாரம் மட்டும் இறக்கி வை. அப்புறம் பழையபடி."

"அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாத. சொன்னா நாளைக்கு இந்த ஊர்ல ஒருத்தரும் படம் எடுக்க வரமாட்டாங்க. நிமோனியாவோட வீட்லயே கெடப்பாங்க. அது நல்லாயிருக்குமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த நியாயத்தோடு நடந்தாள். தெருவெங்கும் முட்டைக்கோஸ் ஊறுகாய் போடும் காலம். வாசலுக்கு வாசல் நீலப் பிளாஸ்டிக் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். தன் வீட்டுத் தொட்டியைப் பார்த்தபடி நின்றவள், திரும்பிக் கசாப்புக் கடைக்குப் போய்ப் பன்றியின் முழு முதுகெலும்பு ஒன்று கேட்டாள். சூப்புக்கா என்று கேட்ட கடைக்காரரிடம், எக்ஸ்ரேக்கு என்றாள். பன்றிக்கு என்ன வியாதி என்று அவர் விசாரித்ததாகவும், செத்துப்போனதுதான் வியாதி என்று இவள் சொன்னதாகவும் ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை, நோயாளிகள் போன பிறகு, ராய்க்கோவும் அவளுமாகத் தொட்டியை மேசைமேல் தூக்கி வைத்தார்கள். முதுகெலும்பைக் கயிறு கட்டி வளைத்துத் தொட்டியின் அடியில் வைத்தார்கள். சதைக்குப் பதிலாக, பதினைந்து வயதுப் பெண்ணின் கனத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள், அளவுகோல் தேவைப்படவில்லை. கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை ஏழு படம் எடுத்தாள். அச்செடுத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் இருந்த எண்ணைத் தாள் ஒட்டி மறைத்து, கலைத்துப் போட்டுத் திங்கள்கிழமை காலை க்வோஸ்தெனின் மேசையில் வைத்தாள்.

"டாக்டர், வளைவு எத்தன டிகிரின்னு மட்டும் சொல்லுங்க."

"இது யாரு?"

"தெரிஞ்சவங்கதான். கொஞ்சம் பருமன்."

அவர் பாகைமானியும் பென்சிலும் எடுத்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. இருபத்தெட்டு. இருபத்தேழு. ஐந்தாவதில் கண்ணாடியைக் கழற்றி, மணல் என்று முனகினார்; மறுபடி மாட்டிக்கொண்டு அளந்தார். இருபத்தெட்டு. ஏழையும் முடித்தபின் மிலோய்க்கா மூலைத் தாள்களைப் பிரித்துக் காட்டினாள். கீழ்ப்படியிலும் இருபத்தெட்டு, மேல்படியிலும் இருபத்தெட்டு.

"படம் அழகா இருக்கணுமா, கேட்டதுக்குப் பதில் சொல்லணுமா, டாக்டர்?"

க்வோஸ்தென் படங்களை மறுபடி புரட்டி, எலும்புகளின் வடிவத்தை உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு பன்றியை முதல்முறையாக வாசித்திருப்பதாகச் சொன்னார், சிரிக்கவில்லை. மணலாக இருந்த கீழ்ப்படிப் படத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். வளைவு பார்க்க இது போதும்; கட்டி தேடும் படத்துக்கு இது போதாது, அதற்கு இரண்டு படி வேண்டும்; இனி ஒவ்வொரு சீட்டிலும் எதற்காகப் படம் என்று தானே எழுதித் தருவதாகச் சொன்னார். தாயிடம் சொல்வதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மிலோய்க்கா எழுந்து கதவருகே போனபோது, தலை நிமிராமல், "நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் டாக்டர். திருகுனது என் கை."

திருநாளுக்கு மறுநாள் ஸ்தமென்காவும் தூன்யாவும் வந்தார்கள். போத்தல் தாயின் பைக்குள் துணியில் சுற்றியிருந்தது. மிலோய்க்கா பெண்ணை உடை மாற்ற அனுப்பிவிட்டு, தாயை உட்காரச் சொன்னாள். தான் நின்றுகொண்டாள். ஆறு படி, நான்கு மடங்கு, பதினேழு படம், எல்லாவற்றையும் சொன்னாள். விதோசாவா சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். எவருடைய பெயரையும் இழுக்கவில்லை. மணலைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்தமென்காவின் கைகளில் மாவு பிசைந்து வந்த வெடிப்புகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"பதினேழுமேவா?"

"முதல்ல எடுத்தது கொஞ்சம் குறைச்சல். ஆனா பதினேழுமே தேவைக்கு மேலதான்."

"நான் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போனேன்."

"ஆமா."

"வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா?"

மிலோய்க்கா உண்மையைச் சொன்னாள். "இதவிடக் கம்மியா இருந்திருக்கும்."

ஸ்தமென்கா எழுந்தாள். போய்விடுவாள் என்று மிலோய்க்கா நினைத்தாள். ஆனால் அவள் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து மிலோய்க்காவின் தோளருகே நின்றாள்.

"அந்த நம்பர் எங்க வரும்? காட்டுங்க. இனிமே எடுக்கிறப்பல்லாம் நான் இங்கதான் நிப்பேன்."

தூன்யா வந்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கமும் முதுகைக் குழாய்ப் பக்கமும் வைத்து நிற்கச் சொன்னதும் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப உங்க மூஞ்சியப் பாக்க முடியாதா, அத்தை?"

"முடியாது கண்ணு. நீயே மூச்சப் புடிச்சுக்கோ."

படம் முடிந்தது. சின்னத் திரையில் எண் தெரிந்தது. ஸ்தமென்கா அதை வாய்விட்டு வாசித்தாள், முன்பு இது எவ்வளவாக இருந்திருக்கும் என்று கேட்டாள், மிலோய்க்கா சொன்னாள். போகும்போது பை மூடியபடியே இருந்தது. அதன்பின் அவள் ஜாம் கொண்டுவந்ததே இல்லை.

அன்று மாலை மிலோய்க்கா சுவரிலிருந்து பழைய தாளை எடுத்தாள். முதுகெலும்பு என்ற வரியில் அது கிழிந்தே வந்தது. புதுத் தாளில் எல்லாவற்றையும் பேனாவால் எழுதினாள். மாற்ற நினைப்பவர் அடித்துவிட்டு, பக்கத்தில் காரணமும் பெயரும் எழுத வேண்டும். முதல் பெயர் அவளுடையதுதான்.

தூன்யாவுக்குப் பதினேழு வயதாகி எலும்பு வளர்ச்சி நிற்கும்வரை இன்னும் நான்கு படம் எடுத்தார்கள். நான்கு முறையும் தாய் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எண்ணை வாசித்தாள். நான்காவது முறை க்வோஸ்தென், இனி வரத் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஸ்தமென்கா சீட்டை வாங்கி மடித்தாள். மிலோய்க்காவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அது மன்னிப்பா, வெறும் விடைபெறலா என்று மிலோய்க்கா கடைசிவரை முடிவுசெய்யவில்லை.

ஆனால் ரொட்டிக்கடையில் காலையில் ஊரே வரிசையில் நிற்கும். ஸ்தமென்கா அங்கே என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, யாருக்கும் தெரியாது. க்வோஸ்தென் பயந்தது போல யாரும் வராமல் போகவில்லை. வந்தார்கள், இருமலோடும் உடைந்த மணிக்கட்டோடும் வந்தார்கள். படம் முடிந்து சட்டையை மாட்டிக்கொண்டே, கதவுப் பக்கம் போகாமல், ஒருவர் விடாமல் கேட்டார்கள்:

"சிஸ்டர், நம்பர் எவ்வளவு?"

ஓய்வு பெறும் நாள்வரை, ஒவ்வொருவருக்கும் திரையைத் திருப்பிக் காட்டி, மிலோய்க்கா சொன்னாள்.